பட்டியலில் இல்லாத எட்டு போர்ட்கள்

ஒரு சுவிட்சில் வீலான் ஒன்றை அழித்தால் அதில் இருந்த போர்ட்களுக்கு என்ன நடக்கும்?

இந்தக் கேள்வியை எங்கட பீடத்துக் கன்டீனில வைச்சுக் கேட்டால் "உங்களுக்கு வேற வேலை இல்லையோ?" என்றுதான் பதில் வரும். நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். வரலாறு, புவியியல், தமிழ், ஊடகக் கற்கைகள் என்று ஆளுக்கொரு பக்கம் படிக்கிறோம். ஆனால் இந்தக் கேள்விக்கான பதில்தான் எங்களில் சிலருடைய இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரையை ஆறு கிழமை இழுத்தடித்தது. அதனால் இதை எழுதுகிறோம். கம்பியூட்டர் தெரியாதவர்களும் வாசிக்கலாம். எங்களுக்கும் இரண்டு வருசத்துக்கு முதல் ஒன்றும் தெரியாது.

தெரிய வந்ததற்குக் காரணம் வீட்டுக்காரர்தான். கலைப்பீடம் கிடைத்த நாளிலிருந்து "முடிச்சிட்டு என்ன செய்யப் போறியள்?" என்ற கேள்வி நிற்கவேயில்லை. கல்யாண வீடு, செத்த வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் கேட்பார்கள். அதுக்குப் பதிலாக ஏதாவது கையில் இருக்கட்டும் என்று நாங்கள் நாலு பேர் சனிக்கிழமைகளில் டவுனில் ஒரு நெட்வேர்க் வகுப்புக்குப் போகத் தொடங்கினோம். "ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு என்னத்துக்கு சுவிட்ச்?" என்று பகிடி பண்ணினவை உண்டு. அந்தக் கதையை விடுவோம்.

முதலில் வீலான் என்றால் என்ன என்று சொல்ல வேணும். சுவிட்ச் என்பது வரிசையாகத் துளைகள் உள்ள ஒரு பெட்டி. ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். கணினி, பிரின்டர், வைஃபை பெட்டி எல்லாம் வயர் வழியாக இதில்தான் வந்து செருகும். பெட்டியை வாங்கினபடியே வைத்தால் எல்லாத் துளைகளும் ஒரே கூட்டம். ஒருவர் எல்லாருக்குமாகச் சத்தம் போட்டால் எல்லாருக்கும் கேட்கும். கந்தோர்க் கணினியும் மாணவர் கணினியும் ஒரே கூட்டத்தில் இருப்பது நல்லதில்லை. அதுக்காகத் தனித்தனிப் பெட்டி வாங்கவும் காசில்லை. எனவே ஒரே பெட்டியை எண் கொடுத்துப் பிரிப்பார்கள். இந்தத் துளைகள் 10, அந்தத் துளைகள் 20 என்று. 10இல் உள்ளவர் 10இல் உள்ளவரோடு மட்டும்தான் கதைக்கலாம். 20இல் ஆரையும் பிடிக்க வேணும் என்றால் ரவுட்டர் மாதிரி ஒன்றின் ஊடாகத்தான் போக வேணும்.

எங்கட ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஒரே நீள மண்டபத்தில் தட்டி வைத்து மூன்று வகுப்பு நடத்துவார்களே, கிட்டத்தட்ட அதுதான். மண்டபம் ஒன்று, வகுப்புகள் மூன்று. தட்டிக்கு அங்கால ரீச்சர் அடிக்கிற சத்தம் இங்கால கேட்கும். வீலானில் அதுவும் கேட்காது.

802.1கியூ என்ற தரத்தின்படி இந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 12 பிட். 0வையும் 4095ஐயும் விட்டால் 4094 எண்கள் பாவிக்கலாம். ஒரு சின்னப் பீடத்துக்கு நாலைந்து எண் காணும்.

இனிக் கேள்விக்கு வருவோம். சிஸ்கோ சுவிட்ச் ஒன்றில் "நோ வீலான் 20" என்று அடித்தால் 20 போய்விடும். அப்ப 20இல் இருந்த துளைகள்? கேட்ட உடனே மனம் போகிற பதில், அவை தொடக்கத்தில் இருந்த 1க்குத் திரும்பிவிடும் என்பது. வகுப்பு மூடினால் பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பில் இருத்துவதுதானே வழமை.

அப்படி நடப்பதில்லை. அவை எங்கேயும் போகாது. ஒவ்வொரு துளையிலும் "நான் 20" என்ற குறிப்பு அப்படியே இருக்கும். 20தான் இருக்காது. இல்லாத ஒன்றுக்குச் சொந்தமான துளையை சுவிட்ச் செயலற்றது என்று ஒதுக்கிவிடும். வயர் செருகி இருக்கும், கணினிக்குக் கரண்ட் இருக்கும், ஆனால் ஒரு எழுத்துக்கூட உள்ளே வராது, வெளியே போகாது. சுவிட்சை நிறுத்திப் போட்டாலும் மாறாது.

காரணம் எளிது. சுவிட்சுக்குள் இரண்டு பதிவு இருக்கிறது. எந்தெந்த வீலான் உண்டு என்ற பட்டியல் வழக்கமாக வீலான்.டாட் என்ற தனிக் கோப்பில் இருக்கும். எந்தத் துளை எந்த எண் என்ற குறிப்பு சுவிட்சின் மற்ற அமைப்புகளோடு வேறு கோப்பில் இருக்கும். அழிக்கிற கட்டளை முதலாவதை மட்டும்தான் தொடுகிறது. விதானையாரின் பதிவில் இருக்கிற வீடு வாக்காளர் இடாப்பில் இல்லாமல் போகிற கதை எங்கட ஆக்களுக்குப் புதிதில்லை. இரண்டு பதிவை இரண்டு இடத்தில் வைத்தால் இப்படித்தான். இதில் இன்னொரு விசயம், அழிக்கும்போது சுவிட்ச் ஒரு எச்சரிக்கையும் தராது. "இதில எட்டுப் பேர் இருக்கினம், பரவாயில்லையோ?" என்று கேட்காது. அடிச்ச கையோட அடுத்த வரி வந்து நிற்கும்.

இனி எங்கட கதை. பீடத்தில் ஒரு வாசிப்பறை. அதில் எட்டுக் கணினிகள். விடுமுறைக்குள் நெட்வேர்க்கை ஒழுங்குபடுத்துகிறோம் என்று ஏதோ வேலை நடந்தது. திரும்பி வந்து பார்த்தால் எட்டிலும் இன்டர்நெட் இல்லை.

லப்டொப் உள்ளவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. அவர்கள் வைஃபை எடுக்கிற மரத்தடிக்குப் போய்விட்டார்கள். அந்த எட்டுக் கணினியை நம்பி இருந்தவர்கள் கொஞ்சப் பேர். எங்களில் ஒருத்தி மலையகத்திலிருந்து வந்து விடுதியில் நிற்கிறவள். தோட்டப் பாடசாலைகள் பற்றி ஆய்வுக்கட்டுரை. பழைய பத்திரிகைகளை நூலகம் தளத்தில்தான் தேடி வாசிக்க வேணும். ஸ்கேன் பண்ணின நாலு பத்திப் பத்திரிகைப் பக்கத்தை, திரை வெடித்த போனில் விரலால் இழுத்து இழுத்து வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்ன பாடு என்று. ரீலோட் போட்டு டேட்டா முடிய, முடிய ரீலோட் போட என்று அவளுடைய சாப்பாட்டுக் காசிலும் ஒரு பங்கு போனது.

முறைப்பாட்டுப் புத்தகத்தில் மூன்று தரம் எழுதினோம். முதல் தரம் வந்தவர் இரண்டு வயரை மாற்றினார். இரண்டாம் தரம் "கொம்பியூட்டர் பழசு" என்று சொல்லி இரண்டு கணினிக்கு வின்டோஸ் திரும்பப் போட்டார்கள். மூன்றாம் தரம் "மேலயிருந்து செக் பண்ணினம், எல்லாம் ஓகே" என்று பதில் வந்தது. மேலேயிருந்து பார்த்தவர் பொய் சொல்லவில்லை. அவருடைய திரையில் எல்லாம் ஓகேதான். அது எப்படி என்று பிறகு சொல்கிறோம்.

வாசிப்பறைக் கணினி ஒன்றில் ஐபி முகவரியைப் பார்த்தோம். 169.254 என்று தொடங்கியது. முகவரி கொடுக்கிற சேர்வரிடம் கேட்டுக் கேட்டுப் பதில் வராத வின்டோஸ் கணினி கடைசியில் தனக்குத் தானே வைத்துக்கொள்கிற முகவரி அது. ஒரு கணினி என்றால் வயர், கணினி என்று சந்தேகப்படலாம். எட்டும் ஒரே நாளிலிருந்து ஒரே மாதிரி என்றால் பிழை எட்டுக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்க வேணும். அந்த இடம் மாடிப்படிக்குக் கீழே பூட்டிக் கிடக்கிற இரும்புப் பெட்டிக்குள் இருந்த சுவிட்ச்.

தொழில்நுட்ப அலுவலர் ஒரு அண்ணை. நல்ல மனுசன், அந்த வேலைக்குப் புதுசு. விடுமுறைக்குள் நடந்த வேலையில் அவர் இல்லை. நாங்கள் முகவரி விசயத்தைச் சொல்ல, "சரி வாங்கோ, ஒருக்கா பாப்பம்" என்று திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்தால் கொஞ்சத் துளைகளின் விளக்கு பச்சை. ஒரு வரிசையில் எட்டு விளக்கு செம்மஞ்சள். அண்ணை தன் லப்டொப்பைச் செருகி "ஷோ வீலான் பிரீஃப்" என்று அடித்தார். எந்தெந்த வீலான் உண்டு, எதில் எந்தத் துளை என்று சொல்கிற பட்டியல் அதுதான்.

பட்டியல் வடிவாக இருந்தது. 1இல் ஐந்து துளை. 10, கந்தோர், ஏழு துளை. 30, விரிவுரையாளர் அறைகள், ஐந்து துளை. பிழை என்று ஒரு சொல்லும் இல்லை. மேலேயிருந்து பார்த்தவர் கண்டதும் இதைத்தான்.

"எல்லாம் சரியாத்தானே கிடக்கு தங்கச்சி?"

"அண்ணை, பெட்டியில 26 துளை இருக்கு. இதில 17தான் வருது."

அண்ணை விரல் விட்டு எண்ணினார். "ஒண்டு மேல பெரிய சுவிட்சுக்குப் போற டிரங்க். அது இந்தப் பட்டியலில வராது. மிச்சம் எட்டு…"

வாசிப்பறையிலும் எட்டு.

செயலற்ற போர்ட்கள் இந்தப் பட்டியலில் வராது. பட்டியல் வீலானின் பேரில் போடப்பட்டது. வீலான் இல்லை என்றால் அதற்கு வரி இல்லை. வரி இல்லை என்றால் அதில் இருந்தவர்களை எழுத இடம் இல்லை. அவர்களைக் காண ஒரு வழி, ஒவ்வொரு துளையிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்பது. அண்ணை அந்த எட்டில் ஒன்றின் விபரத்தை எடுத்தார். "வீலான் 20" என்றும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "செயலற்றது" என்றும் ஆங்கிலத்தில் இருந்தது. அடுத்ததும் அப்படி. எட்டும் அப்படி. ஆறு கிழமையாக அவை தங்கட எண்ணைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. கேட்கத்தான் ஆளில்லை.

அதே திரையில் இன்னொரு வேடிக்கை. பட்டியலின் அடியில் 1002இலிருந்து 1005 வரை நாலு வீலான். எஃப்டிடிஐ, டோக்கன் ரிங் என்ற பழைய நெட்வேர்க் வகைகளுக்காக ஒதுக்கின எண்கள். அந்த வகை வயரை எங்கட வயதுக்காரர் கண்ணால் கண்டதில்லை. அந்தச் சுவிட்சில் அவை ஓடவும் மாட்டாது. ஆனால் அந்த நாலையும், முதலாவதான 1ஐயும் அழிக்க ஏலாது. அழிக்கப் போனால் சுவிட்ச் விடாது. ஒரு துளைகூட இல்லாத நாலு எண்ணுக்குப் பட்டியலில் நிரந்தர இடம். முன்னால் பிள்ளைகள் குந்தியிருக்கிற எட்டுத் துளைக்கு ஒரு வரி இல்லை. வரலாறு படிக்கிறவன் ஒருவன் எங்களோடு நின்றான். "இது எங்கட பாடம்" என்றான். ஆவணத்தில் இருப்பதெல்லாம் உயிரோடு இருந்தது என்றோ, இல்லாததெல்லாம் இருக்கவில்லை என்றோ எடுக்கக் கூடாது என்று முதலாம் வருசத்தில் சொல்லித் தந்ததை நாங்கள் ஒரு இரும்புப் பெட்டிக்கு முன்னால் நின்று விளங்கிக்கொண்டோம்.

20ஐ ஏன் அழித்தார்கள்? அதுக்கும் ஒரு ஆவணம் கிடைத்தது. பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் பழைய பட்டியல் ஒன்றை பிரின்ட் எடுத்து ஒட்டியிருந்தார்கள். அதில் 10க்கு நேரே கந்தோர் என்று பேர். 30க்கு நேரே விரிவுரையாளர் என்று பேர். 20க்கு நேரே வெறும் "வீலான்0020". பேர் வைக்காமல் விட்டால் சுவிட்ச் தானாக வைக்கிற பேர் அது. எங்கட வாசிப்பறைக்கு யாரும் பேர் வைத்திருக்கவில்லை. விடுமுறைக்குள் பட்டியலைத் துப்புரவாக்கினவருக்கு அது தேவையில்லாமல் கிடக்கிற எண்ணாகத் தெரிந்திருக்கும். விடுமுறை என்றபடியால் எட்டுக் கணினியும் நிறுத்திக் கிடந்திருக்கும். ஆரையும் குற்றம் சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை. ஆனால் பேர் இல்லாததுதான் முதலில் அழிந்தது என்பதைக் குறித்து வைக்கிறோம்.

திருத்துவதற்கு இரண்டு வழி. ஒன்று, ஒவ்வொரு துளைக்கும் உயிரோடு உள்ள வேறு எண்ணைக் கொடுப்பது. எண்ணை எடுத்துவிட்டால் அவை 1க்குப் போகும். மற்றது, அழித்த 20ஐத் திரும்ப உருவாக்குவது. அண்ணை இரண்டாவதைச் செய்தார். "வீலான் 20" என்று ஒரு வரி, அதற்குப் பேராக "வாசிப்பறை" என்று ஆங்கில எழுத்தில் இன்னொரு வரி. எட்டுத் துளையையும் அவர் தொடவே இல்லை. அவற்றிடம் 20 என்ற குறிப்பு ஏற்கெனவே இருந்ததுதானே. கொஞ்ச நேரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. ஆறு கிழமைப் பிரச்சினைக்கு இரண்டு வரி.

இதற்குப் பிறகு நாங்கள் வகுப்பில் சேரோடு வாதாடினோம். சிஸ்கோ ஏன் இப்படிச் செய்து வைத்திருக்கிறது, 1க்கு அனுப்பினால் என்ன என்று. அவர் சொன்ன நியாயம் சரியானது. பல இடங்களில் 1இல்தான் சுவிட்சுகளை நிர்வகிக்கிற இணைப்புகள் கிடக்கும். ஒரு எண்ணை அழித்த உடனே அதில் இருந்த தெரியாத கணினிகள் எல்லாம் அங்கே போய் விழுந்தால், கதவைப் பூட்டப்போய் வீட்டைத் திறந்து விட்ட மாதிரி. தெரியாமல் உள்ளே விடுவதை விட வெளியே நிறுத்துவது பாதுகாப்பு. அதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் வெளியே நிறுத்துவதும், நிறுத்தினதைச் சொல்லாமல் விடுவதும் இரண்டு விசயம். எச்பியின் புரோகேர்வ் சுவிட்சுகளில், துளைகள் இருக்கிற வீலானை அழிக்கப் போனால், இன்னின்ன துளைகள் இயல்பான வீலானுக்கு மாறப் போகின்றன, தொடரவா என்று கேட்கும். எங்கே அனுப்புவது என்பதில் கருத்து வேறுபடலாம். கேட்கிறது நல்ல பழக்கம்.

சேர் இன்னொன்றும் சொன்னார். எங்களுக்கு நடந்தது ஒரு சுவிட்சில். சிஸ்கோவில் விடிபி என்று ஒன்று உண்டு. வீலான் பட்டியலை ஒரு சுவிட்சில் மாற்றினால், அதே பேருள்ள குழுவில் இருக்கிற மற்றச் சுவிட்சுகளும் தானாக மாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு திருத்த எண் கூடும். கூடின எண் வைத்திருப்பவர் சொல்வதுதான் சரி என்று மற்றவை எடுக்கும். எங்கேயோ ஆய்வுகூடத்தில் கிடந்த பழைய சுவிட்ச் ஒன்றை, குழுப் பேரும் கடவுச்சொல்லும் ஒன்றாக, திருத்த எண் கூடினதாகக் கொண்டு வந்து செருகினால், அதன் அரைகுறைப் பட்டியல் முழு இடத்துக்கும் பரவும். கட்டடம் கட்டடமாகத் துளைகள் செயலற்றுப் போகும். நெட்வேர்க் வேலை செய்கிறவர்கள் பேய்க்கதை மாதிரிச் சொல்கிற விசயம் இது. அதனால்தான் பலர் அதைப் பாவிப்பதில்லை, அல்லது சுவிட்சை அதன் சொல் கேளாத நிலையில் வைப்பார்கள். மூன்றாம் பதிப்பில், முதன்மை என்று அறிவித்த ஒரு சுவிட்ச் மட்டும்தான் பட்டியலை மாற்றலாம் என்று கட்டுப்படுத்தியிருக்கிறார்கள்.

எங்களை மாதிரி ஒரு பீடத்தில், பள்ளிக்கூடத்தில், சனசமூக நிலையத்தில் சுவிட்ச் பார்க்கிறவர்கள் இதை வாசித்தால் ஒரு சின்ன ஒழுங்கைச் சொல்லலாம். அழிக்க முதல் பட்டியலை எடுத்து, அந்த எண்ணில் எந்தத் துளைகள் இருக்கின்றன என்று எழுதி வையுங்கோ. அந்தத் துளைகளின் வயர் எந்த அறைக்குப் போகிறது என்று நடந்து போய்ப் பாருங்கோ. துளைகளை வேறு எண்ணுக்கு மாற்றுங்கோ. அதுக்குப் பிறகு அழியுங்கோ. அழித்த பிறகு பட்டியலில் உள்ள துளைகளையும் பெட்டியில் உள்ள துளைகளையும் எண்ணிப் பாருங்கோ. கணக்கு உதைத்தால் யாரோ வெளியில் நிற்கினம். எல்லா வீலானுக்கும் பேர் வையுங்கோ, முக்கியமாக ஆளில்லாத நேரம் வெறுமையாகத் தெரிகிற இடங்களுக்கு.

சுவிட்ச் பார்க்காதவர்களுக்கு, எங்களோடு படிக்கிறவர்களுக்கு, சொல்ல ஒன்றுதான் இருக்கு. ஆறு கிழமை இழுபட்டதற்கு அந்த ஒரு கட்டளை மட்டும் காரணமில்லை. பாதிக்கப்பட்டவர்கள் கொஞ்சப் பேர். மற்றவர்களுக்கு மரத்தடியில் வைஃபை இருந்தது. எட்டுப் பேர் எழுதின முறைப்பாட்டை எண்பது பேர் எழுதியிருந்தால் இரண்டாம் நாளே பெட்டியைத் திறந்திருப்பார்கள். ஆய்வுக்கட்டுரைக்கு இரண்டு கிழமை கூடத் தந்தார்கள், அதுவும் கேட்டு எழுதின பிறகு. மிச்ச நாலு கிழமை அவளுடைய கணக்கில் போனது.

உங்கட பீடத்திலும் ஒரு வாசிப்பறை இருக்கும். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் ஒருக்கா போய் அங்கே உள்ள கணினிகள் வேலை செய்யுதோ என்று பாருங்கோ. இல்லையென்றால் முறைப்பாட்டுப் புத்தகத்தில் உங்கட பேரையும் எழுதுங்கோ. "எல்லாம் ஓகே" என்று பதில் வந்தால், எத்தனை துளை, பட்டியலில் எத்தனை என்று கேளுங்கோ.